குடும்பத்தில் ஒருவர்

ஜனவரி 8

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். என் இடுப்புவலி மட்டும் என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. உன் மூட்டு எப்படி? அத்தான் காலையில் நடக்கப் போகிறாரா, இல்லை நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு பார்க் பெஞ்சில் பேப்பர் படிக்கிறாரா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். "எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பு, பேசினதுக்கு என்கிட்ட மதிப்பில்ல" என்று போன மாதம் நீதான் சொன்னாய். வக்கீல் ஆபீசில் இருபது வருடம் ஒப்பந்தம் எழுதினால் கூடப்பிறந்தவனும் கட்சிக்காரன் ஆகிவிடுவான் போலிருக்கிறது. சரி, எழுதுகிறேன்.

பட்டறையில் பெயின்டரம்மா இருக்கிறாரே, அப்பா கடைசி வருடத்தில் சேர்த்தது. நான் அச்சு எடுப்பேன், வார்ப்பேன், மெருகு போடுவேன். ஆனால் செயற்கைக் கண் என்பது கருவிழி வரைவதில்தான் இருக்கிறது, அது என் கைக்கு வராது என்பது உனக்கே தெரியும். ஆளை ஜன்னலோரம் உட்கார வைத்து, இருக்கிற ஒரு கண்ணைப் பார்த்து, இல்லாத கண்ணை வரைவது அவர்தான். பன்னிரண்டு வருடமாக அவர் உண்டு, அவர் தூரிகை உண்டு. ஒரு பேச்சு வந்ததில்லை.

போன வாரம் வந்து நிற்கிறார். குடியிருக்கும் வீட்டை விற்கப் போகிறார்களாம். புதிதாகப் பார்த்திருக்கும் வீட்டின் சொந்தக்காரர், எங்கே வேலை, என்ன வேலை என்று எழுத்தில் கேட்கிறாராம். "ஐயா, ஒரு வேலை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திடுங்க. நமக்குள்ளயும் ஒரு தெளிவா இருக்கும்" என்றார். நமக்குள்ளே என்ன தெளிவில்லாமல் போய்விட்டது? எனக்குச் சுருக்கென்று இருந்தது.

எப்படியோ கேட்டுவிட்டார். ஒரு பக்கத்துக்குள் ஏதாவது தட்டி அனுப்பு. பார்த்தால் பயம் வராத மாதிரி இருக்கட்டும். உனக்கு ஐந்து நிமிட வேலை.

அத்தானுக்கு என் வணக்கம். மூட்டுக்கு எண்ணெய் தேய்.

தம்பி

*

ஜனவரி 17

தம்பிக்கு,

மூட்டு இருக்கிறது. அத்தான் பெஞ்சில்தான் இருக்கிறார். நீ இடுப்புக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை அதையும் நம்பிக்கையில் விட்டிருக்கிறாயா?

ஐந்து நிமிட வேலை என்று எழுதியிருக்கிறாய். ஐந்து நிமிடத்தில் எழுதிய ஒப்பந்தங்களைப் பிரித்துப் படித்துத்தான் எங்கள் வக்கீல் வீடு கட்டினார்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். அந்த அம்மா ஒப்பந்தம் கேட்டது உன்னை நம்பாமல் இல்லை. நியாயமாக நீ கேட்டிருக்க வேண்டும், பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே. நாளைக்கு ஒரு சண்டை வந்தால் அவரைவிட உனக்குத்தான் அந்தக் காகிதம் தேவைப்படும். அவர் ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். நீ அந்தக் கொதிகலனையும் மெருகு மெஷினையும் முதுகில் கட்டிக்கொண்டு எங்கே போவாய்?

நான் கேட்பதற்கெல்லாம் பதில் எழுது. அவர் பதவி என்ன? வேலை நேரம் எது முதல் எது வரை? வருடத்துக்கு எத்தனை நாள் விடுப்பு? வேலையை விடுவதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், அவரும் நீயும்? வெளியே இதே வேலையைச் செய்யலாமா, கூடாதா? உடம்பு சரியில்லை என்றால் என்ன?

கடைசியாக, அந்த நிற நோட்டு யாருடையது?

யோசித்து எழுது. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. அவளிடமாவது ஒரு தடவை கேட்டுவிட்டு எழுது.

அக்கா

*

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

டாக்டரைப் பார்த்தேன். குனியாதே என்கிறார். குனியாமல் அச்சு எடுப்பது எப்படி என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. உங்கள் பக்கம் குளிர் எப்படி, உனக்கு இருமல் ஒன்றும் இல்லையே?

நீ கேட்டதற்குப் பதில். பதவி: எல்லாம். வேலை நேரம்: வந்ததிலிருந்து போகிற வரைக்கும். விடுப்பு: கேட்டால் கொடுப்பேன், அவர் கேட்டதில்லை. முன்னால் சொல்வது: அவர் எங்கே போகப் போகிறார்? வெளியே வேலை: சீச்சீ. உடம்பு சரியில்லை என்றால்: வரமாட்டார், நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். என் பொண்டாட்டியிடம் காட்டினேன். "இத அக்காவுக்கு அனுப்பாதீங்க, மானம் போயிடும்" என்றாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

நிற நோட்டு யாருடையது என்று ஏன் இரண்டு கோடு போட்டுக் கேட்டிருக்கிறாய்? இது ஒரு கேள்வியா? வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், எந்த நிறம் எத்தனை பூச்சு, எது முதலில் எது பிறகு என்று அதில் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து அவர்கள் அடுத்த கண்ணுக்கு வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால்தான் அதே கண் வரும். பட்டறை அலமாரியில் இருக்கிறது, பட்டறையுடையது. என் வீட்டு நாற்காலி யாருடையது என்று கேட்பாயா?

சீக்கிரம் அனுப்பு, வீட்டுக்காரர் அவசரப்படுத்துகிறாராம். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

*

பிப்ரவரி 11

தம்பிக்கு,

குளிர் போய்விட்டது, இருமல் போகவில்லை. உன் பதில்களை ஆபீசில் வைத்துப் படித்தேன். சிரித்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அடுத்த மேஜைக்காரர், "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

மூன்று பக்கம் இணைத்திருக்கிறேன். உன் பதில்களை வைத்து எழுதவில்லை. நீ எப்படிப் பதில் சொல்லியிருக்க வேண்டுமோ அப்படி எழுதியிருக்கிறேன். எதுவும் உனக்கு எதிராக இல்லை, அவருக்கு எதிராகவும் இல்லை. அப்படி இரண்டு பக்கமும் நிற்பதுதான் நீடிக்கும். அவரை உட்கார வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டு. அவர் ஏதாவது மாற்றச் சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. மாற்றச் சொல்வதற்குத்தான் படித்துக் காட்டுவது.

பன்னிரண்டாவது பிரிவைக் காலியாக விட்டிருக்கிறேன். அது நோட்டைப் பற்றியது. அதை உன் ஊர் வக்கீல் யாரையாவது வைத்து எழுதிக்கொள். என்னால் முடியவில்லை.

இந்த வாரமே கையெழுத்து வாங்கு. இடுப்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பெயின்டரம்மா போய்விட்டார். மார்ச் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் தூரிகைகளைக் கழுவினார், துடைத்தார், பையில் வைத்தார். "நாளையிலேர்ந்து வரலைங்க ஐயா" என்றார். அவ்வளவுதான். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு வரி! காலையில் அலமாரியைத் திறந்தால் நிற நோட்டு இல்லை. கேட்டால், "அது நான் எழுதினது" என்கிறார். இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்திருக்கிறார். ஜன்னலோரம் ஒரு நாற்காலியும் போட்டாயிற்று. நான் அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டேன், பால் வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

போன வாரம் ஆறு வயதுப் பெண் ஒன்று வந்தது. முகம் வளர வளர வருடா வருடம் மாற்ற வேண்டிய பிள்ளை. பழையது இறுக்கமாகி உறுத்துகிறது, கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறது. "போன தடவ மாதிரியே பண்ணிடுங்க" என்று அம்மாக்காரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நானே வரைந்தேன். மூன்று தடவை வரைந்தேன். வைத்துப் பார்த்தால் ஒரு கண் ஒரு வீட்டுப் பிள்ளை, இன்னொரு கண் வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறது. பிள்ளை கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தது. நோட்டு இல்லாவிட்டால் இந்த வருடத்துக்குள் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

நீ அனுப்பியது ரொம்ப நீளம். அவரிடம் கொடுத்தேன், இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டு விடுப்பை எண்ணிப் போடுங்கள், விடுவதற்கு முன்னால் சொல்லும் நாளை இரண்டு பேருக்கும் ஒன்றாக வையுங்கள் என்று ஆரம்பித்தார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அதை எடுத்து வைத்துவிட்டு நானே சுருக்கமாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

திருட்டுப் புகார் கொடுக்கட்டுமா? உடனே எழுது. இன்னொன்று, நீ அந்தப் பன்னிரண்டாவது பிரிவை எழுதியிருந்தால் எனக்கு இந்தத் தலைவலியே இல்லை. வேண்டியதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டு மற்றதெல்லாம் மூன்று பக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஏப்ரல் 29

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை, கடிதத்திலேயே தெரிகிறது.

போலீசுக்குப் போகாதே. நோட்டு உன்னுடையது என்று காட்ட உன்னிடம் என்ன இருக்கிறது? அலமாரியா? அவர் உன்னிடம் வேலை பார்த்தார் என்பதற்கே அவர் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நீ போய் நின்றால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியிலேயே நீ வாயைத் திறந்துகொண்டு நிற்பாய்.

மாற்றச் சொன்னால் முகத்தைத் தூக்காதே என்று எழுதியிருந்தேன். அந்த வரியைப் படித்தாயா, இல்லை கையெழுத்து மட்டும் பார்த்தாயா? அவர் கேட்ட இரண்டும் சரியான கேள்விகள். அவர் என் ஆபீசில் வேலை கேட்டு வந்தால் நாளைக்கே சேர்த்துக்கொள்வேன்.

"சுருக்கமாக ஒன்று" எழுதிக் கொடுத்தாய் என்கிறாய். அதில் என்ன எழுதினாய்? ஒரு எழுத்து விடாமல் நகல் அனுப்பு. உன் சுருக்கத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

அந்தப் பிள்ளையைப் பெயின்டரம்மாவிடமே அனுப்பிவை. இப்போதே. உன் மானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா

*

மே 10

அக்காவுக்கு,

உன் இருமல் நின்றதா? இங்கே வெயில், பட்டறைக்குள் கொதிகலன், கேட்கவே வேண்டாம்.

பிள்ளையை அனுப்பினேன். அன்றைக்கே வரைந்து கொடுத்துவிட்டாராம். நன்றாக வந்திருக்கிறதாம். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும், இருக்கிறேன்.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "இவர் எங்கள் பட்டறையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறார். இவரை நாங்கள் வேலையாளாக ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவர். நேரம், விடுப்பு என்ற கட்டுப்பாடுகள் எங்களுக்குள் கிடையாது." கீழே என் கையெழுத்து, பட்டறை முத்திரை. இதில் என்ன தப்பு? மனசிலிருந்து எழுதினேன். அதைப் படித்துவிட்டு அந்த வீட்டுக்காரர், "குடும்பத்துல ஒருத்தர்னா அந்தக் குடும்பத்து வீட்லயே இருந்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாராம். வீடு கைவிட்டுப் போயிற்று. அந்தாள் அப்படிப் பேசியதற்கு நான் என்ன செய்ய முடியும்?

போலீசுக்குப் போகவில்லை. போலீஸ் வேண்டாம் என்றுதானே சொன்னாய், வக்கீல் வேண்டாம் என்று சொல்லவில்லையே. நோட்டைக் கொடு என்று ஒரு வக்கீல் நோட்டீஸ் மட்டும் அனுப்பினேன். அவர் அதை எடுத்துக்கொண்டு நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அதிகாரி என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்க. இவங்க உங்க வேலையாளா, இல்லையா? வேலையாள்னா பன்னிரண்டு வருஷத்து வருகைப் பதிவு, விடுப்புப் பதிவு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. இல்லன்னா, இவங்க கைப்பட எழுதின நோட்டு எப்படி உங்களோடது ஆகும்?"

"சார், நான் ஒரு பாசத்துல எழுதினது" என்றேன்.

"பாசத்துக்கு எதுக்குங்க முத்திரை?" என்றார்.

அதிகாரி இதைச் சொல்லும்போது பெயின்டரம்மா தலை குனிந்துகொண்டார். சிரித்தாரோ என்னவோ.

ஆனால் ஒரு வழி கிடைத்துவிட்டது. அவர் வருவதற்கு முன்பே நோட்டு பட்டறையில் இருந்தது என்று காட்டினால் போதும் என்கிறார் என் வக்கீல். முதல் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் நீ உன் கைப்பட எழுதியதுதானே! அதனால் நீ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அப்பாவிடம் நீ ஒன்பது வருடம் வேலையாளாக இருந்தாய், நோட்டு அந்த வேலையில் எழுதியது, அது பட்டறைக்கே சொந்தம் என்று ஒரு ஒப்பந்தம். உனக்குத் தெரியாத வேலையா? தேதியை மட்டும் பழையதாகப் போட்டுவிடு. பழுப்பான காகிதம் உங்கள் ஆபீசிலேயே கிடைக்கும்.

அடுத்த விசாரணை ஜூன் 24. அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

*

ஜூன் 3

அக்காவுக்கு,

நலமா? கடிதம் கிடைத்ததா? இருபத்து நான்கு நாளாகிறது. போன் செய்தால் அத்தான் எடுத்து, "அவ எழுதறேன்னு சொன்னா" என்று வைத்துவிடுகிறார். உடம்புக்கு ஏதாவதா? இல்லை என்மேல் கோபமா? தேதி விஷயம் பிடிக்கவில்லை என்றால் வேறு மாதிரி யோசிக்கலாம். எதையாவது எழுது. நாள் நெருங்குகிறது, எனக்குத் தூக்கமில்லை.

தம்பி

*

ஜூன் 12

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான்.

ஒரு மாதமாகத் தினம் ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது கிழியாமல் வருகிறதா பார்ப்போம்.

நான் அப்பாவிடம் வேலையாளாக இருக்கவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாள் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தவள். நீ அப்போது கால்சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், உனக்கு எங்கே தெரியப் போகிறது! இருநூற்றுப் பன்னிரண்டு கண்கள். அப்பா எல்லாவற்றையும் தலையில் வைத்திருந்தார். அவருக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது மூன்று பேர் காத்திருந்து திரும்பிப் போனார்கள். அன்றைக்குத்தான் கடைக்குப் போய் அந்த நோட்டை வாங்கினேன், என் காசில். அவர் நோட்டுப் போடச் சொல்லவில்லை. போட்ட பிறகு, அது இல்லாமல் அவர் இருந்ததும் இல்லை.

வருகிறவர்கள் என்னைக் காட்டி, "இவங்க இங்க வேலை பாக்கறவங்களா?" என்று கேட்பார்கள். அப்பா, "வேலையா? அவ வீட்டுப் பொண்ணு" என்பார். பெருமையாகத்தான் சொல்வார். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. கல்யாணம் ஆகி இங்கே வந்தபோது நோட்டை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "அது எதுக்கும்மா உனக்கு, பட்டறையில இருக்கட்டும்" என்றார். இங்கே வந்து இரண்டு இடத்தில் இதே வேலை கேட்டேன். எங்கே வேலை பார்த்தீர்கள், சான்று இருக்கிறதா என்றார்கள். அப்பாவுக்கு எழுதினேன். "நீ என்ன வெளி ஆளா, உனக்கு நான் சான்று எழுத?" என்று பதில் வந்தது. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்கப்புறம் நான் தூரிகையைத் தொடவில்லை. தட்டச்சு படித்தேன்.

வக்கீல் ஆபீசில் சேர்ந்த அன்று எனக்கு ஒரு பக்கத்தில் வேலை ஒப்பந்தம் கொடுத்தார்கள். என் வேலை இன்னது, என் நேரம் இது, நான் போகிறேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று இருந்தது. பஸ்ஸில் அதைப் படித்துக்கொண்டே வந்து இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். முன்பின் தெரியாத மனிதர் எனக்குக் கொடுத்த மரியாதையை என் வீட்டில் எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

அதனால்தான் அந்தப் பிரிவை என்னால் எழுத முடியவில்லை. நோட்டு பட்டறையுடையது என்று என் கையாலேயே தட்ட உட்கார்ந்தேன், விரல் போகவில்லை. அதை உன்னிடம் அப்போதே சொல்லாதது என் தப்பு. சொல்லியிருந்தால் நீ இந்த நிலைக்கு வந்திருக்க மாட்டாய். இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீ? ஒரு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் "குடும்பத்தில் ஒருவர்" என்று எழுதிக் கொடுத்தாய். அது உனக்கே எதிராகத் திரும்பியதும், உனக்கு முன்னால் அப்பா அதையே சொல்லி உட்கார வைத்த என்னிடம் வந்து, நீ குடும்பம் இல்லை, வேலையாள் என்று பழைய தேதியில் எழுதிக் கொடு என்கிறாய். உனக்கு வசதியானபோது குடும்பம், வசதியானபோது வேலையாள். பழுப்புக் காகிதம் வேறு! அதைப் படித்துவிட்டுக் கடிதத்தைச் சுவரில் எறிந்தேன். அத்தான் எடுத்து மடித்து வைத்தார்.

பழைய தேதி போட மாட்டேன். என் இருபது வருட வேலையில் ஒரு தேதி பொய்யாகப் போட்டதில்லை.

உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த அதிகாரிக்கு நேரடியாக அனுப்பிவிட்டேன். நகல் இணைத்திருக்கிறேன். அந்தப் பட்டறையில் எனக்கு ஒப்பந்தம் இருந்ததில்லை, முதல் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் நான் எழுதியது, என்னுடையது. அதை நீயும் பெயின்டரம்மாவும் நகலெடுத்து வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதம், எந்தக் கண்ணும் நோட்டு இல்லாததால் வேறு நிறமாக வரக்கூடாது என்பதற்காக மட்டும். மீதிப் பக்கங்கள் அவர் எழுதியது. அதைக் கேட்டு வழக்காடாதே. உட்கார்ந்து பேசி, யாருக்கு என்ன உரிமை என்று இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பன்னிரண்டாவது பிரிவும் சேர்த்து நான் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை விரல் போயிற்று.

இடுப்புக்கு பெல்ட் போட்டுக்கொள்.

அக்கா

*

ஜூலை 2

அக்காவுக்கு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதத் தைரியம் வரவில்லை. நீயும் அத்தானும் நலம்தானே?

விசாரணைக்குப் போனேன். அதிகாரி நீ எழுதியதைச் சத்தமாகப் படித்தார். நான் ஏற்கெனவே படித்ததுதான். அடுத்தவர் வாயால் கேட்டபோது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பெயின்டரம்மாதான் முதலில் பேசினார்.

"நான் இந்தக் கையெழுத்தப் பாத்துதாங்க வேலையே கத்துக்கிட்டேன். யார் எழுதினதுன்னு பெரியவர்கிட்ட ஒரு தடவ கேட்டேன். 'வீட்டுல எழுதினது'ன்னு மட்டும் சொன்னாரு. இத்தனை வருஷமா எனக்கு யாருன்னே தெரியாது."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லலையா?" என்றார். நான் சொல்லவில்லை, அக்கா. மறைக்கவும் இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் ரொம்பக் கேவலமாக இருந்தது.

ஒப்பந்தம் போட்டாயிற்று. நீ எழுதியதைத்தான் வைத்தோம், அதிலும் அவர் மூன்று இடத்தில் திருத்தினார். நான் முகத்தைத் தூக்கவில்லை. கொஞ்சம் தூக்கினேன், உடனே இறக்கிவிட்டேன். முழு நாள் வேலைக்கு அவர் திரும்பி வரவில்லை. தன் அறையை மூட மாட்டேன் என்கிறார், மூன்று நாள் இங்கே, மற்ற நாள் அங்கே. நோட்டு அவரிடம், முழு நகல் என்னிடம். வருடத்துக்குப் பதினெட்டு நாள் விடுப்பு. விடுவதென்றால் இரண்டு பேருமே இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்ட மறுநாளே இரண்டு நாள் விடுப்பு எடுத்தார், புதிதாகக் கிடைத்த வேறு வீட்டுக்கு மாற. பன்னிரண்டு வருடத்தில் முதல் விடுப்பு. நானும் போய்ச் சாமான் ஏற்றிக் கொடுத்தேன், இடுப்பு போனதுதான் மிச்சம்.

உனக்கு ஒன்று எழுதியிருக்கிறேன். அப்பா எழுதியிருக்க வேண்டியது. ஆறு தாள் வீணாயிற்று. தேதி இன்றைய தேதிதான் போட்டிருக்கிறேன். இத்தனை வருடம் கழித்து இது உனக்கு எதற்கு என்று கோபப்பட்டால் கிழித்துவிடு:

"என் தமக்கை இந்தப் பட்டறையில் ஒன்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். செயற்கைக் கண்களுக்குக் கருவிழி வரைய என் தந்தைக்கு உதவினார். இந்தப் பட்டறையின் நிற நோட்டை உருவாக்கியவர் இவரே. அப்போது இவருக்குச் சம்பளமும் தரப்படவில்லை, சான்றும் தரப்படவில்லை. இன்று தருகிறேன்."

அத்தானுக்கு வணக்கம்.

தம்பி

*

ஜூலை 11

தம்பிக்கு,

நானும் அத்தானும் நலம். சாமான் தூக்காதே என்று எந்தப் பிரிவில் எழுதினால் உனக்குப் புரியும்?

சான்று கிடைத்தது. அத்தானிடம் படிக்கச் சொன்னேன், நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் இல்லை, ஒன்பது ஆண்டுகள் ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தையும் எழுது.

இரண்டாவது, "உதவினார்" என்பதை அடித்துவிடு. உதவவில்லை. நான்தான் வரைந்தேன். "வரைந்தார்" என்று எழுது.

திருத்தி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பு. சீக்கிரம்.

அக்கா